அண்ணனின் இடப்பக்கம்

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் கடைசி அலமாரியில் நாற்பத்தொரு கண்ணாடிக் குடுவைகள் இருந்தன. ஆண்டுதோறும் இருப்பைச் சரிபார்க்கும் வேலை என் தலையில்தான் விழும். மற்ற ஆசிரியர்களுக்கு ஃபார்மலின் வாடை ஆகாது. எனக்கு எண்ணிக்கை உதைத்தால் தூக்கம் வராது. தவளை, ஓணான், கட்டுவிரியன், ஆட்டின் இதயம் என்று போகும் வரிசையில் முப்பத்தெட்டாவது குடுவையில் மனித மூளை. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உயிரோடு இருக்கையில் அது இளநீர் வழுக்கை மாதிரி குழைவாக இருக்கும், குடுவைக்கு வந்தபின் ரப்பர்போல இறுகிவிடும் என்று வகுப்பில் சொல்வேன்.

மேலே இரண்டு பாதியாகப் பெருமூளை. நடுவில் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் வெள்ளை நரம்புக் கற்றை. பின்னால் அடியில் சிறுமூளை. நடையும் நிதானமும் அதன் பொறுப்பு. அதற்கும் கீழே தண்டுபோல இறங்குவது முகுளம். மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அங்கே. முகுளத்தில் ஒரு விசேஷம் உண்டு. மேலேயிருந்து கைகால்களுக்கு வரும் நரம்புகள் அங்கே ஒன்றையொன்று தாண்டிப் பக்கம் மாறுகின்றன. அதனால் வலது மூளை இடது கையை ஆள்கிறது; இடது மூளை வலது கையை. இந்த இடம் வந்ததும் எல்லா வருஷமும் யாராவது ஒருவர் கேட்பார்கள், எதற்கு சார் இந்தச் சுற்றுவழி என்று. தெரியவில்லை என்பேன். இன்றைக்கும் தெரியாது.

ஓய்வு பெற்றபின் அந்தக் குடுவையை நான் நினைத்ததே இல்லை. அண்ணன் விழுந்த பிறகு நினைக்காத நாளில்லை.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். எழுபத்தொன்பது வயதிலும் அகத்தி மரத்தில் கொடியைத் தானே கட்டினால்தான் அவருக்குத் திருப்தி. அப்படிக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாய்க்காலுக்குள் சரிந்தார். கூட வேலை பார்த்தவர்கள் வழுக்கிவிட்டார் என்று சிரித்தார்களாம். அண்ணனும் சிரித்தாராம். எழுந்திருக்கச் சொன்னபோது, “எந்திரிச்சுத்தானே நிக்கிறேன்,” என்றாராம். அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையில் ஸ்கேன் படத்தைக் காட்டினார். வலது பெருமூளையில், உச்சிக்குப் பின்புறம், மை கொட்டின மாதிரி ஒரு கறுப்பு. ரத்தக் குழாய் அடைத்து அந்த இடம் பட்டுப்போயிருந்தது. பெரும்பாலான மனிதர்களுக்குப் பேச்சு இடது மூளையில் இருக்கிறது. அது தப்பியதால் அண்ணனின் பேச்சு தப்பியது. இடது கையும் காலும் போயின. மதினியிடம் டாக்டரம்மா, “இடது பக்கத்தைக் கொஞ்ச நாள் மறந்திருப்பாரும்மா, பழக்கி விடணும்,” என்றார். கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார் என்று மதினி எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான். இன்னொரு அடைப்பு வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். அது எல்லோருக்கும் புரிந்தது.

அண்ணனுக்கு ஒரே மகன். அவனிடம் அண்ணன் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவன் அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். செல்லூரில் நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவர்கள் வீட்டுக்குள் வேறு மொழி பேசுகிறவர்கள். பல தலைமுறையாக மதுரைக்காரர்கள்தான். நல்ல பெண். அண்ணனுக்கு அது கணக்கில்லை. கல்யாணம் முடிந்து இருவரும் ஆசீர்வாதம் வாங்க வந்தபோது வாசலை மறித்து நின்று, ஊர் கேட்கச் சொன்னார்: “இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன். என் சாவுக்கும் நீ வரக்கூடாது.”

கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் சொன்னதை நடத்திக் காட்டினால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் மகன் எதிர்வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, கை வைத்த சோற்றோடு அண்ணன் எழுந்து போனார். ஊரில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். மதினியின் தம்பி, எனக்கு மச்சான் முறை, டீக்கடையில் உட்கார்ந்து அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்கே கணக்கில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை மகன் வெளியே வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்றான். பார்த்தால் கோபத்தில் ரத்தக்கொதிப்பு ஏறிவிடும் என்று மதினி பயந்தார். வீட்டுக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா ஒரு தடவை விலகிப் போகாமல் தன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் சபதம் அற்றுப்போகும். அப்புறம் அவன் மகன். சாவுக்கு வரலாம், கொள்ளி வைக்கலாம். பார்க்காமலே போய்விட்டால், ஐம்பது வயதை நெருங்குகிற ஒரு ஆண் ஊர் பார்க்கச் சுடுகாட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

வீட்டில் அண்ணனுக்கு உள்ளறையில் இரும்புக் கட்டில் போட்டார்கள். ஒடுக்கமான அறை. குறுக்கே போட்டால் கட்டில் கொள்ளாது. நீளவாக்கில் போட்டால் தலை தெற்கே இருக்க வேண்டும் அல்லது வடக்கே. வடக்கே எவரும் தலை வைக்க மாட்டோம். ஆகவே தெற்கே தலை வைத்து, விழுந்துவிடாமல் இருக்க, கிழக்குச் சுவரை ஒட்டிக் கட்டிலைத் தள்ளினார்கள். மல்லாந்து படுத்தால் அண்ணனுக்கு வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் அறை, வாசல், உலகம்.

மகன் ஒரு சாயங்காலம் வந்தான். பட்டறை உடுப்பை மாற்றி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அறைக்குள் மதினி, மச்சான், நான், அவன், நாலு பேர்தான்; வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் எட்டிப்பார்த்தார்கள். அவன் கட்டிலருகே நின்றான். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“அப்பா,” என்றான்.

அண்ணன் அசையவில்லை. மதினி சற்று உரக்க, “யாரு வந்திருக்கான்னு பாருங்க,” என்றார். அண்ணன் சுவரிடமே, “வாய்க்கா முறை இன்னைக்கு நமக்குத்தான், தண்ணி திருப்பியாச்சா?” என்று கேட்டார். திருப்பியாச்சு என்றார் மதினி. “மேக்கால வாய்க்காக் கரை ஒடஞ்சு கெடக்கு, அதைப் பாக்கச் சொல்லு.” தெளிவான பேச்சு. ஒரு சொல் குழறவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான். அண்ணனின் கண் இந்தப் பக்கம் வரவே இல்லை.

வெளியே வந்ததும் மச்சான்தான் முதலில் பேசினார். குரலில் துக்கத்தைவிட மலைப்பு அதிகமாக இருந்தது. “கால் போச்சு, கை போச்சு, வைராக்கியம் போகலை பாருங்க. மனுஷன்னா இவருதான்.”

வாசலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மகன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, “வாரேம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

நானும் அதை நம்பினேன். புத்தி தெளிவாக இருக்கிறது, ஆளை அடையாளம் தெரிகிறது, வாய்க்கால் முறைகூட நினைவிருக்கிறது. அப்படியென்றால் பார்க்காதது வேண்டுமென்றுதானே? வேறு என்ன நினைப்போம்.

அந்த வாரம் முழுக்க நான் அங்கேயே தங்கினேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஓட்டுக் கூரையின் விட்டங்களை எண்ணினேன், மாத்திரைப் பட்டைகளை எண்ணினேன். மதினி அண்ணனைத் தலையணை கொடுத்து உட்காரவைத்து, முன்னால் ஒரு முக்காலி போட்டு, இலை விரித்துச் சோறு வைப்பார். முதல் கவளத்திலேயே அண்ணன் ஆரம்பிப்பார்: “உப்பு வைக்கலை.” மதினி இலையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டுவார். இந்தா இருக்கே என்பார். அண்ணன் சுவர்ப் பக்கம் பார்த்து, “இந்த வீட்டுல உப்புக்குக்கூடப் பஞ்சமாகிப்போச்சா,” என்பார். பாதி இலையில் சோறு அப்படியே இருக்க, “இம்புட்டுத்தானா?” என்று கையை உதறுவார்.

மதினி அடுப்படியில் அழுவது கேட்கும். ஐம்பது வருஷம் சமைத்துப் போட்டவர். “ஒரு கை விளங்காம கெடக்கும்போதும் என்னைக் குத்திக் காட்டணும் அவருக்கு,” என்பார். மகனை உள்ளே விட்டதற்குத் தனக்குத் தண்டனை இது என்று அவர் நினைத்தார்.

ஒரு மத்தியானம் எச்சில் இலையை எடுக்கும்போது மிச்சத்தை எண்ணினேன். பழக்கதோஷம், வேறு நோக்கம் எதுவும் இல்லை. உப்பு, நார்த்தங்காய் ஊறுகாய், அவரைக்காய்ப் பொரியல், வாழைப்பூக் கூட்டு. நான்கும் தொடாமல் இருந்தன. நான்கும் இடப்பாதியில். வலப்பாதி வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. சோற்றிலேயே ஒரு கோடு. நடுவில் கத்தியால் வெட்டியதுபோல, அந்தப் பக்கம் குவியல், இந்தப் பக்கம் வெறும் இலை.

நிமிர்ந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். காலையில் அவரே பூசிக்கொண்ட திருநீறு நெற்றியில் மூன்று கோடாக இருந்தது. வலது புருவத்துக்கு மேலே மட்டும்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். அவர் பாதி உண்டுவிட்டுக் கையை உதறியதும், இலையை அப்படியே அரைவட்டம் திருப்பினேன். நுனி வலப்பக்கம் வந்தது. மதினி கையை ஓங்காத குறைதான். எங்கள் வீட்டில் இலையை மாற்றிப் போடுவது கருமாதிக்குத்தான். அண்ணன் இலையைப் பார்த்தார். “இப்பத்தான் பொரியல் வச்சியளா,” என்றார். உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். மிச்சம் வைக்காமல் உண்டார்.

மதினி என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு மதினிக்குச் சொன்னேன், எனக்குத் தெரிந்த மட்டும். கண் பார்க்கிறது; பார்த்தது பிடரிப் பக்கத்து மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது, அதைக் கவனி என்று சொல்கிற வேலை உச்சிக்குப் பின்னால் இருக்கிறது. அதிலும் இடது புறத்தைக் கவனிப்பது வலது மூளையின் பொறுப்பு. அது பட்டுப்போனால் இடது புறம் இருட்டாகத் தெரியாது, மங்கலாகத் தெரியாது. அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. நமக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரிவதில்லையோ, அதில் நமக்கு எப்படிக் குறை தோன்றுவதில்லையோ, அப்படி. கூப்பிட்டால் குரல்கூட சுவர்ப் பக்கமிருந்து வருவதாகவே அவருக்குப் படும். அதனால்தான் சுவரிடம் பதில் சொல்கிறார். டாக்டரம்மா மறந்திருப்பார் என்று சொன்னது இதைத்தான்.

மதினி உள்ளறைக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், “அப்ப அன்னைக்கு எம்புள்ள நின்னது?”

“அண்ணனுக்கு அங்க யாருமே இல்லை.”

மதினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் கட்டிலைத் திருப்பிப் போடலாம் என்றேன். தலையை வடக்கே வைத்தால் வலப்பக்கம் வாசலுக்கு வந்துவிடும். அழுகை சட்டென்று நின்றது. “வடக்க தல வச்சுப் படுத்த யானை என்னாச்சுன்னு தெரியும்ல தம்பி? படிச்ச ஆளு நீங்க, உங்க தலைய வேணா வடக்க வையுங்க.” அது கதை என்று சொல்லிப் பார்த்தேன். கதையில் போனாலும் தலை தலைதான் என்றார். கடைசியில் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இடைவெளி விடுவது என்று முடிவாயிற்று. அப்படி இழுத்ததில் அறைக்கதவு பாதிதான் திறந்தது. சுவரோர இடைவெளியை அளந்துபார்த்தேன், இரண்டு சாண்கூட இல்லை.

அவனியாபுரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்து பேர். பட்டறையில் அவன் ஏதோ ஒரு இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டு, டீ சொல்லட்டுமா சித்தப்பா என்றான். நான் இலையைப் பற்றிச் சொன்னேன். உப்பு, திருநீறு, சுவர், குறுக்கே தாண்டும் நரம்பு எல்லாவற்றையும் சொன்னேன். துணியைத் திருப்பித் திருப்பி விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“அப்ப அவரு பாக்கலைங்கிறது மூளை செஞ்ச வேலை.”

“ஆமா.”

“அப்ப ஆறு வருஷம்? அதுவும் மூளைதானா?”

எல்லாம் மூளைதான் என்று சொல்லியிருக்கலாம். பாடப்படி அது சரி. அந்த முகத்திடம் அதைச் சொல்ல முடியவில்லை. ஆட்டோவில் வரும்போது யோசித்த இன்னொன்றைச் சொன்னேன். போனில் வீடியோ போட்டு அப்பாவின் வலப்பக்கம் காட்டலாமா என்று.

“போன்ல வேண்டாம் சித்தப்பா. அவரு நேர்ல பாக்கட்டும். திட்டுறதுன்னாலும் நேர்ல திட்டட்டும்.”

அவன் வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மச்சானும் இருந்தார், அவர் பார்க்க வேண்டும் என்றே நான் வரச் சொல்லியிருந்தேன். அவன் கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்தான். சுண்ணாம்பு அவன் முதுகு முழுக்க ஒட்டியது. அண்ணன் விழித்திருந்தார். அவன் அண்ணனின் பார்வைக்கு நேரே வந்து நின்றான்.

அண்ணன் பார்த்தார். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கண் அவன் முகத்தில் நின்றது, நெற்றிக்குப் போயிற்று, நரைத்திருந்த காதோரத்துக்குப் போயிற்று, மறுபடி கண்ணுக்கு வந்தது. உதடு அசைந்தது. அவன் குனிந்தான்.

அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். தூங்குகிறவர் மூடுவதுபோல அல்ல. இமை சுருங்க, இறுக்கி, பிடிவாதம் பிடிக்கிற குழந்தை மூடுவதுபோல. தாடை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

அவன் வெளியே வரும் வரையில் திறக்கவில்லை.

கொல்லைப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தவனிடம் நான் ஏதேதோ சொன்னேன். களைப்பாக இருக்கும், வெளிச்சம் கூசியிருக்கும் என்று. முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னான்:

“இல்லை சித்தப்பா. பாத்தாரு. பாத்துட்டுத்தான் மூடுனாரு. அன்னைக்கு அவரு இல்லை. இன்னைக்கு அவரேதான்.”

எனக்கு மூளையின் மேல் ஆத்திரமாக வந்தது. அத்தனையையும் அழித்த அடைப்பு, இந்த ஒன்றை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மடலில்தான் முடிவெடுப்பதும் தன்னை அடக்கிக்கொள்வதும் இருக்கிறது என்று பாடம் நடத்துவேன். அங்கே ஒரு கீறல்கூட இல்லை என்று டாக்டரம்மா சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்.

மச்சான் கிளம்பும்போது என் தோளில் கைவைத்து, “இதுக்கா மாப்ள இம்புட்டுப் பாடு?” என்றார். கேலியில்லை. ஆனால் ஊருக்குச் சொல்ல அவருக்கு இன்னொன்று கிடைத்துவிட்டது.

அவன் இனி வரமாட்டான் என்றே நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் பட்டறை உடுப்போடு வந்தான். உள்ளறைக்குப் போனான். சுவர்ப் பக்கம் போகவில்லை. கதவருகே ஸ்டூலைப் போட்டு அண்ணனின் இடப்பக்கம் உட்கார்ந்தான். செத்துக்கிடந்த இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மதினி காய்ச்சி வைத்திருந்த வேப்பெண்ணெயைப் பூசி, விரல் விரலாக நீவினான். அண்ணன் சுவரிடம் கொடிக்கால் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது கேட்டேன், என்னப்பா இது என்று.

“அவரு சபதத்தை நான் எதுக்கு ஒடைக்கணும்? அவரு பாக்க வேண்டாம். இந்தப் பக்கம்தான் நான் இல்லையே.”

அதன் பிறகு தினமும் வந்தான். இடது கை நகங்களை வெட்டினான். சவரம் செய்ய வருகிறவர் தாடியின் இடது பாதியில் சோப்புப் போடும்போது, அண்ணன் எல்லாம் முடிந்ததென்று தலையை இழுத்துக்கொள்வார். அவன் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொள்வான். இடது காலில் படுக்கைப் புண் வந்தபோது அவன்தான் கழுவினான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் மனைவி செல்லூரிலிருந்து ஒருநாள் வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டு, அவர்கள் மொழியில் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் இல்லையென்று தலையசைத்தான். என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

அண்ணன் மெலிந்துகொண்டே போனார். இன்னும் தனக்கு ஒன்றுமில்லை, எழுந்து நடக்கிறேன் என்றுதான் சொன்னார். அந்த நம்பிக்கையும் அதே கறுப்பு இடத்திலிருந்து வருவதுதான். விளங்காத கை விளங்கவில்லை என்பதை உணரும் வேலையும் அங்கே பட்டுப்போயிருந்தது.

ஒரு சாயங்காலம் அவன் கையை நீவிக்கொண்டிருந்தான். மதினி தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தார். கரண்டு இல்லை. நான் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் வலது கை வயிற்றின் மேல் எதையோ தேடுவதுபோல ஊர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து இடுப்பைத் தாண்டி, இடது கை மேல் போய்ப் பட்டது. அவன் சட்டென்று தன் கைகளை எடுத்துக்கொண்டான். அண்ணன் அந்தக் கையைத் தடவிப் பார்த்தார். விரல்களைத் தொட்டார்.

“இது யாரு கை?”

மதினி, “உங்க கைதான்,” என்றார்.

“என் கை ரெண்டும் இங்கன இருக்கு. இது அவன் கை.”

மதினியின் விசிறி நின்றது. “எவன் கை?”

“அவன் கைதான். லேத்து எண்ணெய் வாடை அடிக்குதே, தெரியலையா?” கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, “கிடக்கட்டும். எடுக்காதீங்க,” என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் தன் கைகளை மடியில் பொத்திக்கொண்டான்.

அன்றைக்கு அவனை வண்டிவரை கொண்டுபோய் விட்டபோது, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இந்த வகை அடைப்பு வந்தவர்கள் தங்கள் இடது கையைத் தன்னுடையதல்ல என்பார்கள், மனைவி கை, மகன் கை என்று சொல்வதும் உண்டு, படித்திருக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாக இன்னொன்றும் சொன்னேன். ஐம்புலன்களில் மணம் மட்டும் பெரும்பாலும் பக்கம் மாறாமல் நேராகப் போகும். இடது மூக்கின் மணம் நல்ல பாதிக்கே போய்ச் சேரும். அதனால் அவன் உட்கார்ந்திருப்பது முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரிந்தும் சும்மா இருந்திருக்கலாம்.

அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான்.

“ரெண்டுல எது சித்தப்பா?”

“தெரியலை.”

“சரி. நாளைக்கு வாரேன்.”

இரண்டாவது அடைப்பு அந்த வாரமே வந்தது. இந்தத் தடவை இடது பாதியில். முதலில் பேச்சு போனது, பிறகு விழுங்குவது, பிறகு முகுளம் செய்கிற வேலைகள் ஒவ்வொன்றாக. காலைப்பொழுதில் போய்விட்டார்.

கொள்ளி வைக்கிறவர் குளித்துத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குப் புறப்படும்போது மச்சான் நடுவீட்டில் நின்று, தான் பொல்லாதவன் இல்லை என்றும், இறந்தவரின் வாக்குக்கு மரியாதை வேண்டும் என்றும் பேசினார். என் சாவுக்கும் வரக்கூடாது என்று அவர் சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது. மகனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டதைத் தானே பார்த்ததாகவும் சொன்னார். பங்காளி ஒருவர் கொள்ளி வைப்பதுதான் முறை என்றார். பேச்சில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மகன் பந்தல் காலருகே நின்றிருந்தான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

மதினி உடலருகே உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். இத்தனை பேர் நடுவில் அவர் பேசி நான் கேட்டதில்லை. “அவன் கைன்னு அவரு வாயால சொன்னாரு. கிடக்கட்டும், எடுக்காதீங்கன்னாரு. நான் கேட்டேன். கொழுந்தனாரும் கேட்டாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். முதல்முறையாக எண்ணாமல் நின்றேன்.

மச்சான் என் அருகில் வந்தார். “நீங்க படிச்சவரு மாப்ள. மூளையப் பத்தி இங்க உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன். அந்த மனுஷன் புத்தித் தெளிவோடதான் அதைச் சொன்னாரா?”

பந்தல் காலருகே நின்றவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனிடம்தான் அன்றைக்குத் தெரியலை என்று சொல்லியிருந்தேன். அவன் அதை மறந்திருக்கமாட்டான்.

“தெளிவோடதான் சொன்னாரு,” என்றேன்.

மச்சான் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவனைப் பார்த்து, “போய்க் குளிச்சிட்டு வாடா,” என்றார்.